லட்டு இன்னும் சாப்பிடவில்லை

வாருங்கள் சார். விளம்பரம் பார்த்துப் போன் செய்தது நீங்கள்தானே? என் பெயர் சென்னியப்பன். செருப்பை வெளியிலேயே விட்டுவிடுங்கள். அங்கே இல்லை, கொஞ்சம் சுவரோரமாக. இரண்டையும் சேர்த்து, நேராக. ஆ, அப்படி.

இதுதான் தொட்டி. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். கண்ணாடியைத் தட்டிப் பாருங்கள். ஒரு கீறல் இருந்தால் சொல்லுங்கள். இருக்காது. குறை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். இந்தத் திருப்பூரில் பதினாறு வருடமாக பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் கையைத் தாண்டிப் போன ஒரு பீஸ் இதுவரை திரும்பி வந்ததில்லை.

மூடிக்குப் பூட்டு எதற்கு என்று கேட்கிறீர்களா? உள்ளே இருந்தது பாம்பு சார்.

அட, கையை எடுக்க வேண்டாம். இப்போது ஒன்றும் இல்லை. டெட்டால் போட்டு நான்கு தடவை கழுவிவிட்டேன். உங்கள் பெண்ணின் ஹாம்ஸ்டர் எலி தாராளமாக ஓடி விளையாடலாம். முதலில் உட்காருங்கள். கதவைச் சும்மாதான் சாத்தியிருக்கிறேன், பூட்டவில்லை. டீ போடட்டுமா? வேண்டாமா? சரி. ஒரு பொருளை வாங்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. பத்து நிமிடம்தான்.

அது என் பாம்பு இல்லை. என் மனைவியுடையது. பூர்ணிமா என்று பெயர். பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். பெண் பார்க்கப் போன அன்றே, பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, “எங்கூட லட்டுவும் வருமுங்க” என்றாள். ஏதோ நாய்க்குட்டி என்று நினைத்து என் மாமா, “அதுக்கென்ன கண்ணு, வரட்டும்” என்றுவிட்டார். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அவளுடைய பேராசிரியர் ஒருவர் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். காகிதமெல்லாம் முறையாக இருந்தது. நம் மலைப்பாம்புக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் சின்ன ஜாதி. விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும். அதனால் லட்டு.

நான் ஏதாவது சொன்னேனா? சொல்லவில்லை. இந்தத் தொட்டியை வாங்கிக் கொடுத்ததே நான்தான். வேறு எந்தப் புருஷன் செய்வான், சொல்லுங்கள்.

நான் கோபக்காரன் இல்லை சார். இரண்டு வருடத்தில் அவள்மேல் கை வைத்ததில்லை. குரலைக்கூட உயர்த்தியதில்லை. எங்கள் செக்கிங்கில் ஒரு முறை இருக்கிறது. துணியில் பிசிறு, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் என்று எது கண்ணில் பட்டாலும் சத்தம் போட மாட்டோம். சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருக்கும். அம்பின் முனை குறையைக் காட்டுகிற மாதிரி ஒட்டிவிட்டு அடுத்த பீஸை எடுத்துவிடுவோம். தைத்தவர் பார்த்துத் திருத்திக்கொள்வார். எவ்வளவு மரியாதையான முறை! அதைத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். டம்ளரில் சோப்பு நுரை காய்ந்திருந்தால் ஓர் அம்பு. குளியலறைச் சுவரில் தலைமுடி ஒட்டியிருந்தால் ஓர் அம்பு. தோசை ஓரம் கருகியிருந்தால் தட்டின் விளிம்பில் ஓர் அம்பு. ஒரு நாள் அவள் அவசரமாகப் பள்ளிக்குக் கிளம்பினாள். சேலை முந்தானை மடிப்பு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. தோளில் ஒன்றை ஒட்டி அனுப்பினேன். மூன்றாவது பீரியட் வரைக்கும் அவளுக்குத் தெரியவே தெரியாதாம். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். எனக்கும் நினைத்தால் இன்னும் சிரிப்பு வரும்.

அவள் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. எடுத்து உரித்துக்கொண்டு போய்விடுவாள், அவ்வளவுதான்.

போன ஆடியில் ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தேன். வீட்டில் அவள் இல்லை. கோபியில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டையா, சத்தமா, ஒன்றும் இல்லை. மேஜைமேல் ஒரு சீட்டு. ‘அண்ணி பாம்புக்குப் பயப்படறாங்க. வேற வீடு பார்த்துட்டு லட்டுவைக் கூட்டிக்கறேன். அதுவரைக்கும் பார்த்துக்கங்க.’ அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அவளுடைய துணி அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் முழுக்கச் சிவப்பு. இரண்டு வருடமாக நான் ஒட்டிய ஸ்டிக்கர் அத்தனையும் அங்கே வரிசை வரிசையாக ஒட்டியிருந்தாள். ஒன்றைக்கூடக் கசக்கிப் போடவில்லை சார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் தேதி. என்மேல் பிரியம் இல்லாதவள் அப்படிச் சேர்த்து வைப்பாளா? அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். ஒரு வாரம், இரண்டு வாரம். அண்ணன் எடுத்து, “அவ தூங்கறா மாப்ள” என்பான். காலை பதினோரு மணிக்கு யார் சார் தூங்குகிறார்கள்?

இந்தப் பக்கம், பாம்பு சாப்பிடவில்லை. பத்து நாளைக்கு ஒரு வெள்ளை எலி அதற்கு. உறைய வைத்த எலி பாக்கெட்டில் விற்கிறது, ஃப்ரீசரில் வைத்திருப்போம். நான் கொண்டுபோய்ப் போட்டால் மோந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. சரி, சொல்லி வைப்போம் என்று அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். ‘லட்டு சாப்பிடவில்லை.’ அவ்வளவுதான். ஒரு நிமிடம் ஆகவில்லை சார். போன் அடித்தது.

“ஏனுங்க, எத்தனை நாளாச்சு? எலியைச் சூடு பண்ணுனீங்களா?”

பதினெட்டு நாள் கழித்து அந்தக் குரல். முதல் கேள்வியே பாம்பைப் பற்றி. பரவாயில்லை. எனக்குத் தெரியாது என்றேன். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

“கவர்ல போட்டு வெந்நீர்ல வைங்க. உள்ள வரைக்கும் சூடு ஏறோணும். அதுக்குக் கண்ணைவிட சூடுதான் தெரியும். இடுக்கியில எலி வாலைப் பிடிச்சு, உயிரோட இருக்கற மாதிரி மெல்ல ஆட்டுங்க. அப்பறம் வெச்சுட்டுப் போயிருங்க.”

“எங்க போறது?”

“வெளிய. அந்த ரூம்ல நிக்காதீங்க. பார்த்துட்டே நின்னா அது சாப்பிடாது.”

இது என்ன பழக்கம் சார்? சாப்பிடுவதை ஒருவர் பார்த்தால் குறைந்தா போய்விடும்? அவளும் இதே ஜாதிதான். நான் மேஜைப் பக்கத்தில் நிற்பேன். சட்னியை ஒதுக்குகிறாளா, வாயை மூடி மெல்லுகிறாளா என்று பார்ப்பேன், வேறொன்றும் செய்ய மாட்டேன். பாதியில் எழுந்து கையைக் கழுவிவிடுவாள்.

நான் நின்றேன். முக்காலி போட்டு உட்கார்ந்தும் பார்த்தேன். பாம்பு உருண்டையாகவே கிடந்தது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பூர்ணிமா கூப்பிடுவாள். எடை எவ்வளவு, தோல் எப்படி இருக்கிறது, தண்ணீர் குடித்ததா என்று கேட்பாள். ஒரு நாள் நான், “அது என்னை முறைச்சுப் பார்க்குது பூர்ணி” என்றேன்.

“அதுக்கு இமையே கிடையாதுங்க. எல்லாரையும் அப்படித்தான் பார்க்கும்” என்று சொல்லிச் சிரித்தாள்.

சிரித்தாள் சார்! இந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. பாம்பு சாப்பிடாமல் கிடந்த அந்த நாற்பது நாளும்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று சொல்வேன்.

ஆவணி கடைசியில் ஒரு கண்டெய்னர் விஷயமாகத் தூத்துக்குடிக்குப் போக வேண்டியிருந்தது. சூடு பண்ணிய எலியை உள்ளே வைத்து, தொட்டிமேல் ஒரு போர்வையைப் போட்டுவிட்டுப் போனேன். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் எலி இல்லை. பாம்பின் வயிற்றில் ஒரு புடைப்பு. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. உடனே போன் போட்டேன். உடனே எடுத்தாள். கேட்டதும் அழுதேவிட்டாள். “நீங்க நல்லா இருக்கோணுங்க” என்றாள்.

மறுநாள் ஏழு மணிக்குப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பத்து நாள் சார். பத்தாம் நாள் கூப்பிட்டு, “இன்னிக்குச் சாப்பிட்டுதாங்க?” என்றாள். சாப்பிட்டது என்றேன். “ரொம்ப சந்தோசம்” என்றாள். வைத்துவிட்டாள். அரை நிமிடம்கூட இல்லை.

அடுத்த தடவை கூப்பிட்டபோது நிறையப் பேசினாள். “கோபியிலயே மாடி வீடு ஒண்ணு கிடைச்சிருச்சுங்க. ஓனரம்மாகிட்ட லட்டுவைப் பத்திச் சொன்னேன். ‘மேல வந்து பார்க்க மாட்டேன், அவ்வளவுதான்’னு ஒத்துக்கிட்டாங்க. பதினஞ்சாம் தேதி அண்ணன் காரோட வர்றேன்.”

நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தப் பாம்பு போய்விட்டால் என் வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது? ஏழு மணிக்கு எனக்கு யார் போன் செய்வார்கள்?

அடுத்த முறை நான் எலியை ஃப்ரீசரிலிருந்து எடுக்கவில்லை. ‘லட்டு சாப்பிடவில்லை’ என்று மெசேஜ் போட்டேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. அது சாப்பிடவில்லை. அதைத்தான் சொன்னேன்.

சரியாக ஏழு மணிக்குப் போன் வந்தது.

சாப்பிடாத பாம்பை இடம் மாற்றக் கூடாது என்பது அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அதை அவளுக்கே நினைவுபடுத்தினேன். பதினைந்தாம் தேதி தள்ளிப்போயிற்று. பிறகு ஐப்பசியும் போயிற்று. நடுவில் ஒரு நாள், “எலி கிட்ட வரும்போது என்ன பண்ணுதுன்னு பார்க்கோணும். வீடியோ எடுத்து அனுப்புங்க” என்றாள். அங்கேதான் கஷ்டம் வந்தது. முதல் வீடியோவை அழிக்க வேண்டியதாகிவிட்டது. எலி கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. அப்படியும் அதைக் கண்டதும் பாம்பு பாய்ந்து வந்துவிட்டது. நல்லவேளை, நான் இடுக்கியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். என்ன பேராசை பாருங்கள்.

நான் செக்கிங் ஆள் அல்லவா, நிதானமாக யோசித்தேன். தொட்டிக்கு அடியில் சூடு கொடுக்கிற விரிப்பு ஒன்று உண்டு, கரண்டில் ஓடுவது. அதன் சுவிட்சை அணைத்தேன். இரண்டே நாளில் பாம்பு மந்தமாகிவிட்டது. இரண்டாவது வீடியோ அருமையாக வந்தது. எலியை மூக்குக்கு நேராக நீட்டினேன். தலையைக்கூடத் திருப்பவில்லை. அதை அனுப்பினேன். அன்றைக்குப் பூர்ணிமா முக்கால் மணி நேரம் பேசினாள்.

வாரம் ஒரு வீடியோ. நான் மறதியாக சுவிட்சைப் போட்டுவிடக் கூடாதே என்று அதன்மேல் ஓர் அம்பு ஸ்டிக்கரை ஒட்டி வைத்தேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு.

இளைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. முதுகெலும்பு, இஸ்திரி போட்ட மடிப்பு மாதிரி எழுந்து நின்றது. மார்கழிக் குளிரில் மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அதையும் ஒளிக்காமல் சொன்னேன். பூர்ணிமா போனில் அழுவாள். “கோயமுத்தூர்ல தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், பாம்புக்கு வைத்தியம் பார்க்கறவர். அனுப்பட்டுங்களா?” என்பாள். “கண்டவங்களை வீட்டுக்குள்ள விட முடியாது. உன் பொருள், நீ வா” என்பேன். பிறகு, “அழாதே பூர்ணி, நான் இருக்கேன்” என்பேன். அந்த மார்கழியில் அவளுக்கு ஆறுதல் சொல்ல என்னை விட்டால் யார் இருந்தார்கள், சொல்லுங்கள்?

பொங்கல் லீவில் வந்தாள். தனியாக வந்தாள்.

நான் வீட்டைத் துடைத்து வைத்திருந்தேன். அவளுக்குப் பிடித்த சேமியா பாயசம் வைத்திருந்தேன். புதுப் பாய் வாங்கிப் போட்டிருந்தேன். வாசலில் நின்று “வா” என்றேன். அவள் என்னைத் தாண்டி நேராகத் தொட்டிக்குப் போனாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

“ஏனுங்க, ஜில்லுனு இருக்கு.”

அவள் தரையில் உட்கார்ந்தாள். ஒயரைப் பிடித்துக்கொண்டே கட்டிலுக்குப் பின்னால் போனாள். சுவிட்சில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள் சார். என் ஸ்டிக்கரை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

“எத்தனை நாளாச்சுங்க?” என்றாள்.

எனக்கு ஒளிக்கத் தெரியாது. “நீ வரணும்னுதான் பூர்ணி. உன்னைப் பார்க்கணும்போல இருந்துச்சு” என்றேன். எந்தப் பெண்ணாக இருந்தாலும் கேட்க ஏங்குகிற வார்த்தை. அவள் எழுந்துபோய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். பஸ்ஸில் வந்த அலுப்பு.

டாக்டர் ஒருவரிடம் போனில் பேசினாள். பாம்புக்கு நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, இந்த நிலையில் வெளியே எடுத்துப் போகக் கூடாது என்றாராம். அதனால் தங்கினாள். மூன்று நாள்! என் வீட்டில் மூன்று நாள் இருந்தாள். சுவிட்சைப் போட்டுவிட்டு, வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். பாம்பை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். புதுப் பாயைத் தொடவில்லை. நான் சமைத்து வைத்ததைத் தொடவில்லை. பக்கத்தில் நின்றால் பிடிக்காது என்று தெரியும், அதனால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அப்படியும் சாப்பிடவில்லை. இருந்தாலும் வீட்டில் ஒரு பெண் இருக்கிற சத்தம், குழாய் திறக்கிற சத்தம், வளையல் சத்தம். நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த மூன்று நாள்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அது வாயைத் திறந்தது. மூடவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முதலில் கொண்டுவந்தாளே, அதே மாதிரி ஒரு தலையணை உறையில் போட்டுக் கட்டினாள். பையை எடுத்துக்கொண்டாள். நான் வாசலை மறித்து நிற்கவில்லை. பக்கத்தில்தான் நின்றேன். அங்கே நின்று என்னைப் பார்த்து, ரொம்ப அமைதியாக, “இனி நான் கூப்பிடறதுக்கு இந்த வீட்ல ஒண்ணும் இல்லீங்க” என்றாள்.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். கம்பெனி நம்பரிலிருந்தும் பார்த்தேன், அதையும் செய்துவிட்டாள்.

ஒரு மாதம் யோசித்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கூப்பிட ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? அவளிடம் ஒரு குணம் சார். ஓர் உயிர் சாப்பிடவில்லை என்று காதில் விழுந்துவிட்டால் அவளால் போனை வைக்க முடியாது. யாருடையதாக இருந்தாலும் சரி. அதனால்தான் விளம்பரம் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பல்லடத்திலிருந்து ஒருவர் வந்தார். முயலுக்குத் தொட்டி வேண்டுமாம். அவர் போனிலிருந்து பூர்ணிமாவைக் கூப்பிடச் சொன்னேன். முயல் புல் தின்னவில்லை என்று சொன்னார், பாவம், நான் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார். பதினாலு நிமிடம் பேசினாள். “பல்லு வளர்ந்து வளைஞ்சிருக்கா பாருங்கண்ணா. வயித்தை மெல்ல அமுக்கிப் பாருங்க, கல்லாட்டம் இருக்கா?” கடைசியில், “நாளைக்கு எப்படி இருக்குன்னு மறக்காமச் சொல்லுங்கண்ணா” என்றாள். நான் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சுகூட விடவில்லை. அந்த மனிதர் மறுநாள் கூப்பிடவே இல்லை. நன்றி கெட்டவர்.

என்ன கேட்கிறீர்கள்? அவர் ஏன் தொட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லையா? என்ன சார், அவருக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கு நீங்கள் வந்திருப்பீர்களா?

எழுந்திருக்க வேண்டாம். ஒரே ஒரு போன்தான். உங்கள் போனைக் கொடுங்கள், நம்பரை நானே அழுத்தித் தருகிறேன். ஸ்பீக்கரில் இருக்கட்டும். என் பெயரைச் சொல்ல வேண்டாம். ஹாம்ஸ்டர் மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லுங்கள், அது போதும். மீதியை அவளே கேட்டுக்கொள்வாள்.

உஸ். ரிங் போகிறது. குரலில் மட்டும் கொஞ்சம் கவலை இருக்கட்டும் சார்.